பூனையின் லட்சணம்

வராகமிகிரரின் 'பிருஹத் சம்ஹிதை'யில் பசுவின் லட்சணத்துக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. நாய்க்கு ஒன்று. சேவலுக்கு, ஆமைக்கு, ஆட்டுக்கு, குதிரைக்கு, யானைக்கு என்று தனித்தனியே ஒவ்வொன்று. எந்த அங்கம் எப்படி அமைந்தால் உடையவனுக்கு ஆக்கம், எப்படி அமைந்தால் கேடு என்று ஆறாம் நூற்றாண்டின் அந்த மனிதர் அலுக்காமல் சொல்லிக்கொண்டு போகிறார். பூனையின் லட்சணத்துக்கு அத்தியாயம் இல்லை.

இதை ஒரு விடுபடல் என்று நான் நினைக்கவில்லை. லட்சண சாஸ்திரம் என்பது தேர்வின் சாஸ்திரம். விலை கொடுத்து வாங்க வேண்டிய பிராணி, வாங்கிய பின் ஏமாந்துபோக இடமுள்ள பிராணி எதுவோ, அதற்குத்தான் லட்சணம் எழுதப்படுகிறது. நம்முடைய மாட்டுத் தாவணிகளில் இன்றும் சுழி பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் நெற்றியையும் முதுகையும் ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசிக்கிறார்கள். பூனையின் சுழியை யாரும் பார்த்ததாக நான் கேட்டதில்லை. நமது பேச்சும் இதற்குச் சாட்சி. நாயை 'வளர்க்கிறோம்' என்போம். பூனை வீட்டில் 'இருக்கிறது' என்போம். அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. பின்கட்டு வழியாக வந்தது, அடுப்பு மேடையில் படுத்தது, எலி பிடித்தது, பால் குடித்தது, ஒருநாள் காணாமல் போயிற்று.

ஆகவே 'ஒரு பூனையைத் தேர்ந்தெடுப்பது' என்ற சொற்றொடரே சரித்திரத்தில் பிந்தி வந்தது என்று எனக்குப் படுகிறது. அது எப்போது, எந்தக் கைகளில், என்ன நோக்கத்தோடு வந்தது என்று பார்ப்பது இக்கட்டுரையின் காரியம். இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல், முதன்முறையாக, ஒரு பூனையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஸ்திதியில் இருக்கிறேன். சிறுவயதில் எங்கள் வீட்டில் பூனைகள் இருந்தன; ஆனால் அவற்றில் எதையும் யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

2

நாயைப் பற்றிச் சொல்வதுபோலப் பூனையைப் 'பழக்கினார்கள்' என்று சொல்வது அவ்வளவு சரியல்ல. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. இன்று உலகெங்குமுள்ள வீட்டுப் பூனைகள் யாவும் 'லிபிகா' என்ற ஒரே காட்டுப்பூனை வகையிலிருந்து வந்தவை என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்த உறவு அண்மைக் கிழக்கில் தொடங்கிற்றா, வட ஆப்பிரிக்காவிலா என்ற விவாதம் முடிந்துவிடவில்லை. எங்கே தொடங்கியிருந்தாலும், களஞ்சியத்தின் ஓரத்தில் மனிதனைச் சகித்துக்கொள்ளத் துணிந்த பூனை பிழைத்தது, துணியாதது காட்டுக்குத் திரும்பிற்று. தேர்வு ஒன்று நடந்திருக்கிறது என்றால் அதைச் செய்தது பெரும்பாலும் பூனைதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். மனிதக் கூடு ஒன்று. அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, சுமார் எட்டு மாதப் பூனை ஒன்றின் முழுக் கூடு. 2004இல் இச்செய்தி வெளியானது. சைப்ரஸ் தீவில் இயல்பாகப் பூனை கிடையாது. கடலை அது நீந்திக் கடந்திருக்க முடியாது. ஆக, யாரோ ஒருவர் அதையோ அதன் மூதாதையையோ படகில் ஏற்றியிருக்கிறார். ஏற்றும்போது பல பூனைகளில் ஒன்றைக் கையிலெடுத்திருக்க வேண்டும். அவர் நிறத்தைப் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் திறந்த படகில் கடலைக் கடக்கிறவன் கையில் அடங்காத பூனையை ஏற்றியிருக்க மாட்டான். இது என் ஊகம்தான். எனினும் பூனைத் தேர்வின் சரித்திரத்தில் முதல் அளவுகோல் 'தூக்கினால் இருக்கிறதா' என்பதாகத்தான் இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

3

வராகமிகிரர் எழுதாமல் விட்ட அத்தியாயத்தை எழுதியவர்கள் சயாமியர்கள். 'தம்ரா மேயோ' என்று அழைக்கப்படும் சித்திரச் சுவடிகள் அயுத்தயா காலத்து மரபைச் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. இன்று கிடைப்பவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதிகள். செய்யுளிலும் சித்திரத்திலுமாகப் பதினேழு நல்ல பூனைகளையும் ஆறு கெட்ட பூனைகளையும் அவை வகைப்படுத்துகின்றன. வெளிறிய உடலும் கருத்த முகமும் கால்களும் கொண்ட 'விச்சியன்மாத்', செம்பு நிறமான 'சுபலக்', மழை மேகத்தின் சாம்பல் நீலம் கொண்ட 'சி சவாத்' என்று போகிறது நல்ல பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன்: செல்வம், பதவி, பெயர். மேக நிறம் கொண்ட சி சவாத் புதுமணத் தம்பதிகளுக்கு ஜோடியாகக் கொடுக்க உகந்தது. வடகிழக்குத் தாய்லாந்தில் வறட்சிக் காலத்தில் பெண்பூனையைக் கூண்டிலிட்டு ஊர்வலமாகத் தூக்கிச்சென்று அதன்மேல் நீர் தெளித்து மழை கேட்கும் சடங்கும் இருந்தது. சமீப காலமாகப் பல ஊர்களில் உயிருள்ள பூனைக்குப் பதில் பொம்மைப் பூனையை வைத்துக்கொள்கிறார்கள்.

நம்மவர்கள் சுழி பார்ப்பதும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கெட்ட பூனைகளின் பட்டியலில் நிறத்தோடு நடத்தையும் வருகிறது. தன் குட்டியைத் தின்பது, செத்த குட்டி போடுவது, மீன் திருடுவது, மனிதரைக் கண்டால் ஒளிந்துகொள்வது. அதாவது சுவடி எழுதியவன் பூனையோடு வாழ்ந்து பார்த்திருக்கிறான். பலன் சொன்னது மூடநம்பிக்கையாக இருக்கலாம், பார்த்தது பொய்யில்லை. மேலும், அவன் இருந்த பூனைகளிலிருந்து நல்லதைப் பொறுக்கச் சொன்னானே தவிர, லட்சணத்துக்கேற்பப் பூனையின் எலும்பைத் திருத்தச் சொல்லவில்லை.

4

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. அங்கே மடியில் வைத்துக் கொஞ்சப்படும் பூனை முதலில் வர்க்கத்தின் அடையாளமாக வருகிறது. 1730களின் பிற்பகுதியில் பாரிஸில் சான் செவரின் தெருவில் ஓர் அச்சகத்தில் நடந்ததை அங்கே வேலை செய்த நிக்கோலா கோந்தா பிற்பாடு எழுதிவைத்தார். அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் 1984இல் தம் புத்தகத்தின் மூலம் அதைப் பிரசித்தப்படுத்தினார். அச்சக முதலாளிகளுக்கிடையே அப்போது பூனைப் பித்து. ஒருவர் இருபத்தைந்து பூனை வைத்திருந்தார். அவற்றைச் சித்திரம் தீட்டச் செய்து, பொரித்த கோழி போட்டு வளர்த்தார். பயிற்சிப் பையன்களுக்குக் கிடைத்ததோ பூனைகூட முகர்ந்துவிட்டு விலகும் அழுகல் இறைச்சி. இரவெல்லாம் கூரைமேல் பூனைச் சத்தம். விடியுமுன் எழுந்து வேலை. கடைசியில் பையன்கள் தெருப் பூனைகளைத் திரட்டிப் போலி விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், 'அதை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று எஜமானி சொல்லியிருந்த 'க்ரீஸ்' என்ற சாம்பல் பூனையைத்தான் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள்.

அச்சுக்கோப்பவர்களின் தோளில் ஏறித்தான் நமது சிறுபத்திரிகைகள் நடந்தன என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பூனை என்றால் தேர்ந்தெடுக்கப்படாத பூனைகளும் உண்டு என்று ஆகிறது. கூரைமேல் கத்திய அத்தனைக்கும் நடுவே எஜமானிக்கு மட்டும் ஒன்று பெயரோடு தனியாகத் தெரிந்தது. அந்தத் தனிமையை அவள் அன்பு என்று நினைத்தாள். பையன்களுக்கு அது சாப்பாட்டுத் தட்டாகத் தெரிந்தது. இரண்டு பார்வைக்கும் நடுவில் செத்தது பூனை.

5

உருவத்தைக் கொண்டு பூனையைத் தேர்வது ஒரு ஸ்தாபனமாக ஆன நாள் தெரியும்: 1871 ஜூலை 13. இடம், லண்டன் கிரிஸ்டல் பேலஸ். காரணகர்த்தா ஹாரிசன் வியர், பறவைகளையும் மிருகங்களையும் வரைந்து பிழைத்த சித்திரக்காரர். பூனை இகழப்படுகிறது, அடிபடுகிறது, அதன் அழகைப் பார்க்க யாருக்கும் கண் இல்லை. நாய்க்கும் கோழிக்கும் இருப்பதுபோல ஒரு கண்காட்சி நடத்தி, வகைகளையும் நிறங்களையும் தரம் பிரித்துப் பரிசு கொடுத்தால் கணப்படுப்பின் முன் படுத்திருக்கும் சாதாரணப் பூனைமீதும் ஒரு மதிப்பு வரும் என்பது அவருடைய எண்ணம். உழைப்பாளிகளின் பூனைகளுக்கென்று தனிப் பிரிவும் வைத்தார். பூனைகள் கூண்டுகளில் கத்திக் களேபரம் செய்யும் என்ற பயத்தோடு ரயிலேறிப் போனவர், அவை சிவப்பு மெத்தைகளில் சாய்ந்து குறுகுறுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு நிம்மதியடைந்ததை 1889இல் வந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நல்லெண்ணம் புள்ளிகளாக மாறிற்று. தலைக்கு இத்தனை, கண்ணுக்கு இத்தனை, வாலுக்கு இத்தனை, மொத்தம் நூறு. 1887இல் தேசியப் பூனைச் சங்கம் அமைந்தது. வியர்தான் முதல் தலைவர். பின்னர் அவர் விலகினார். சங்கத்தினருக்குப் பூனைகளின் நலனைவிடத் தம் பூனை பரிசு வாங்குவதில்தான் அக்கறை என்பது அவருடைய குறை. தான் நிறுவிய அளவுகோல் தன் கையைவிட்டுப் போனதை உயிரோடிருந்தே பார்த்தவர் அவர்.

இதில் நமக்குப் பழக்கமான ஏதோ ஒன்று இருக்கிறது. ரசனையை வளர்க்கத்தான் விமர்சன அளவுகோல் உருவாகிறது. கவனிக்கப்படாத ஒன்றைக் கவனிக்கவைப்பதே அதன் முதல் வேலை. பிறகு அளவுகோல் கைக்குக் கை மாறுகிறது. அளவுகோலைப் படித்துவிட்டு எழுத வருகிறவர்கள் வருகிறார்கள். அப்புறம் எழுதப்படுவதெல்லாம் அளவுகோலுக்குப் பொருந்துகிறது; எதுவும் உயிரோடில்லை. எழுத்தில் இது நடந்தால் சில மோசமான புத்தகங்கள் வரும், அவ்வளவுதான். பூனையில் நடந்தபோது நேர்ந்தது வேறு.

6

சயாமின் விச்சியன்மாத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் நிறத்தின் ரகசியம் வெப்பம். நிறமி உண்டாக்கும் நொதி உடல் சூட்டில் வேலை செய்யாது. குளிர்ந்த ஓரங்களில்தான் செய்யும். ஆகவே காது, மூக்கு, பாதம், வால் கருக்கின்றன. கருப்பையின் கதகதப்பிலிருந்து வரும் குட்டி முழு வெளுப்பாகப் பிறக்கிறது. 1884இல் பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் கான்சல் ஜெனரல் கூல்டு ஒரு ஜோடியைத் தம் சகோதரிக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1901இல் இவ்வினத்துக்கென்றே சங்கம் அமைந்தது. நீளமான முகம் அழகு என்று அபிப்ராயம் உருவாயிற்று. நீளமானதைவிட இன்னும் நீளமானது மேலும் அழகு என்று ஆயிற்று. பல தலைமுறை இனச்சேர்க்கைக்குப் பிறகு ஆப்பு வடிவத் தலையோடு மேற்கில் பரிசு வாங்கும் பூனைக்கும், தாய்லாந்து வீடுகளில் உருண்டை முகத்தோடு இன்றும் திரியும் பூனைக்கும் உறவு சொன்னால்தான் தெரியும். பாரசீகப் பூனைக்கு நடந்தது இதன் தலைகீழ். முகம் தட்டையாவது அழகு என்று ஆகி, மூக்கு கண்களுக்கு நடுவே ஏறிவிட்டது. கண்ணீர் வழியும் பாதை வளைந்து அடைபட்டு, கண்ணீர் முகத்தில் வழிகிறது. மூச்சு இரைகிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயும் அவ்வினத்தில் பரவலாகச் சேர்ந்துகொண்டது. அதற்கான மரபணுப் பிறழ்வு 2004இல் கண்டறியப்பட்டது.

எல்லாவற்றிலும் தெளிவான உதாரணம் ஸ்காட்லாந்தின் மடிகாதுப் பூனை. 1961இல் பெர்த்ஷயர் பகுதிப் பண்ணை ஒன்றில் சூசி என்ற வெள்ளைப் பூனை, காதுகள் முன்னோக்கி மடிந்து, ஆந்தை முகத்தோடு காணப்பட்டது. இன்றுள்ள அவ்வினப் பூனைகள் அத்தனையும் சூசியின் வம்சம். காது மடிவது குருத்தெலும்பு சரியாக உருவாகாததால். ஆனால் குருத்தெலும்பு காதில் மட்டும் இருப்பதில்லை. மூட்டுகளிலும் அதே பிறழ்வு வேலை செய்கிறது; மூட்டு வீங்குகிறது, வால் விறைக்கிறது, நடக்கும்போது வலிக்கிறது. மேசையிலிருந்து அது குதிப்பதில்லை என்பதைக் கண்டு 'சாதுவான இனம்' என்று மகிழ்கிறவர்கள் உண்டு. பிரிட்டனின் பிரதான பூனைப் பதிவு அமைப்பு 1970களின் தொடக்கத்திலேயே இவ்வினத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. நெதர்லாந்து 2014இல் இவற்றை இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை விதித்தது. அமெரிக்காவிலும் ஆசிய நகரங்களிலும் விற்பனை தொடர்ந்தது. புகைப்படத்தில் அழகாயிருக்கிறது என்பது போதுமான காரணமாக இருக்கிறது.

வராகமிகிரரிடமும் சயாம் சுவடியிடமும் உருவம் ஒரு அடையாளம்; வேறெதையோ சுட்டியது. இங்கே உருவம் தன்னையே சுட்டுகிறது. உருவத்துக்காகவே உருவம் என்ற கொள்கையைக் கவிதையில் ஆதரித்தவர்களில் நானும் ஒருவன், இன்றும் ஆதரிக்கிறேன். சொல்லுக்கு மூட்டு வலிக்காது. உயிருள்ள உடம்பின் மேல் அக்கொள்கை இறங்கும்போது, ரசிப்பவனின் கண்ணுக்கும் சுமப்பதன் எலும்புக்கும் இடையே எந்த உடன்படிக்கையும் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

7

அப்படியானால் முதன்முறையாகப் பூனை கொள்கிறவன் எதைப் பார்ப்பது? எதையும் பார்க்காதே, வருவதை ஏற்றுக்கொள் என்று சொன்னால் அது எளிது. கொஞ்சம் போலி மேதாவித்தனமும் கூட. பூனை பதினைந்து வருஷம் வாழலாம், இருபதும் வாழலாம். பயந்த பூனை ஒன்று அத்தனை வருஷமும் பீரோவுக்கு அடியில் வாழ்வது பூனைக்கும் நல்லதல்ல, மனிதனுக்கும் நல்லதல்ல. தேர்வு வேண்டும். எதன்மேல் என்பதே கேள்வி.

நிறம் குணத்தைச் சொல்லும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நிறம் வேறு சில விஷயங்களைச் சொல்லும். மூன்று நிறப் பூனை அநேகமாக எப்போதும் பெண், ஏனெனில் செம்மஞ்சள் நிறத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இரு கண்ணும் நீலமான தூய வெள்ளைப் பூனை பெரும்பாலும் செவிடு. இதை 1859இலேயே டார்வின் குறிப்பிட்டார். வெள்ளை வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது.

குணத்தைத் தீர்மானிப்பது வேறு. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லின் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகள் ஒரு காலத்தை வரையறுத்தன. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, பிற்பாடு மனிதரை நாடும். அந்தக் காலம் தாண்டிய பின் அதே அளவு அன்பைக் கொட்டினாலும் அதே அளவு பலன் வராது. தினமும் அதிக நேரம் தூக்கி வைத்திருக்கப்பட்ட குட்டி, பெரிதான பின் மடியில் அதிக நேரம் தங்கிற்று. இன்னொரு செய்தியை 1995இல் சாண்ட்ரா மக்யூனின் ஆய்வு சொன்னது: புதியதை அஞ்சாமல் நெருங்கும் சுபாவம் தந்தையிடமிருந்தும் வருகிறது. குட்டி தன் தந்தையைப் பார்ப்பதே அரிது; ஆகவே அது பார்த்துக் கற்றதாக இருக்க முடியாது, ரத்தத்தில் வந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையும் இருக்கக்கூடும் என்பதால் ஒன்று கையை முகர வருவதும் அடுத்தது மூலைக்குள் பதுங்குவதும் ஆச்சரியமில்லை. குறைந்தது எட்டு வாரமாவது தாயோடு விட்டுவைக்க வேண்டும். சீக்கிரம் பிரித்தெடுத்த பூனைகளிடம் கடியும் கீறலும் கூடுதல் என்று 2017இல் ஃபின்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது; இன்னும் சில வாரம் பொறுப்பதே மேல் என்றும் சொன்னது. இவற்றையெல்லாம் ஊகிக்க விரும்பாதவர்களுக்கு ஒரு நேர்வழி உண்டு: வளர்ந்த பூனை. அதன் குணம் ஏற்கெனவே எழுதி முடிந்த பிரதி. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் வாசித்துவிடலாம். முதல் பூனைக்கு அதுவே உத்தமம் என்றுகூடச் சொல்வேன்.

ஆக, பார்க்க வேண்டியது பூனையின் உருவத்தைவிட அதன் வாழ்க்கை வரலாறு. தாய் யாரிடம் சோறு தின்கிறாள், மனிதர் வந்தால் எழுந்து போகிறாளா, இருக்கிறாளா. குட்டிகளைத் தொட்டவர்கள் யார், எந்த வாரத்திலிருந்து. வீட்டில் சத்தம் உண்டா, குழந்தைகள் உண்டா. கண்ணில் பீளை, காதில் கறுப்பு அழுக்கு, வயிற்றுப்போக்கு இருக்கிறதா. பிறகு தரையில் உட்கார்ந்து கையை நீட்டாமல் காத்திருப்பது. இதற்குப் புள்ளி போட முடியாது. அதனால்தான் கண்காட்சி மேடையில் இது தோற்றது என்று நினைக்கிறேன். நிமிஷத்தில் நூறு பூனையைத் தரம் பிரிக்க வேண்டியவனுக்கு வாலின் நீளம் உதவும், வரலாறு உதவாது.

அடுத்த தெருவில் நண்பர் வீட்டுப் பரணில் ஒரு பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. இரண்டு வரிப்பூனை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளையில் சாம்பல் திட்டு. குட்டிகளுக்கு இப்போது மூன்றாம் வாரம். அந்த வீட்டுப் பெண் குழந்தை தினமும் பள்ளிவிட்டு வந்து அவற்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். தாய் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறது. எந்தச் சங்கத்தின் சான்றிதழும் இதற்கு ஈடாகாது. எது எனக்கு என்று நான் இன்னும் சொல்லவில்லை. எட்டு வாரம் முடிந்து அங்கே போய்த் தரையில் உட்காரும்போது தெரியும். அதற்குள் தாய் அவற்றை வாயில் கவ்விக்கொண்டு வேறு பரணுக்குப் போய்விடவும் கூடும். போனால், அதுவும் ஒரு தேர்வுதான். இருவரில் பழைய உரிமை உள்ளவள் அவள்.